இருள் வினை ஆய்வகம்

"சார், செடிங்களுக்கும் நமக்கு மாதிரி லஞ்ச் பிரேக் உண்டா சார்?"

ஆறாம் வகுப்பு தேவதர்ஷினி இப்படிக் கேட்டபோது அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தாளாளர் பிரிட்டோ கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். விருதுக் குழு வர இன்னும் பதினாறு நாள் இருந்தது. தாளாளர் குழந்தைகளிடம் அன்பாகப் பேசுவதும் அன்றைய ஒத்திகையில் ஒரு பகுதி. ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று அவர் குனிந்து விசாரித்தார்.

"நாங்க டிபன் பாக்ஸ் திறக்கறப்போ செடிங்களும் வெளியே வந்து வெயில்ல உக்காந்துக்குது சார். பெல் அடிச்சா உள்ள போயிடுது. அதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்று தெரிய வேண்டுமானால் அந்த அறையின் கதையைச் சொல்ல வேண்டும்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் போகும் வழியில், தண்ணீர் லாரிகள் திரும்பும் முனையில் இருக்கிறது ஜீவதாரா மெட்ரிகுலேஷன் பள்ளி. அந்த அறை முன்பு ஸ்மார்ட் வகுப்பறையாக இருந்தது. ப்ரொஜெக்டர் கெட்டுப்போனதும் அதை ஒட்டடைக்கு விட்டுவிட்டார்கள். ஜூன் மாதம் உயிரியல் ஆசிரியை தபீதாள், சிறுசேரிப் பக்கம் ஏசி பஸ் வைத்திருக்கும் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். புது ஆள் கிடைக்கவில்லை. இயற்பியல் ஆசிரியர் ஜெபராஜைக் கூப்பிட்டு, இயற்பியலும் உயிரியலும் ஒரே புத்தகத்தில்தானே இருக்கின்றன, ஒரே ஆளிடம் ஏன் இருக்கக்கூடாது என்று தாளாளர் கேட்டார். ஜெபராஜ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஜெபராஜ் நல்லவர். தாம்பரத்தில் புராட்டஸ்டன்ட் கோயில் பாடகர் குழுவில் பதினோரு வருடமாகப் பாடுகிறார். ஒரு ஞாயிறும் தவறியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால், சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ளும் நேரத்தில் உலகமே கொஞ்சம் மாறிக்கொள்ளட்டும் என்று நினைப்பவர். ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் திறந்தார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று ஒளி வினை; மற்றது இருள் வினை. பெயரே விளக்கமாக இருக்கும்போது பத்தியை எதற்குப் படிப்பது? இருள் வினை இருட்டில் நடக்கிறது. அதில்தான் செடி சர்க்கரை செய்கிறது. அப்படியானால் பகலிலும் செடியை இருட்டில் வைத்தால் ஓய்வில்லாமல் சர்க்கரை செய்யும். அவர் மனதில் ஓர் ஆய்வகம் எழுந்தது.

இரண்டாம் கட்டத்துக்குக் கால்வின் சுழற்சி என்றும் பெயர் உண்டு என்று கேட்டதும், கத்தோலிக்கரான தாளாளர் ஒரு கணம் யோசித்தார். அந்தக் காலச் சபைச் சீர்திருத்தக்காரர் கால்வினா, உங்கள் சபைக்காரரா என்று ஜெபராஜிடம் விசாரித்தார். இவர் வேறு கால்வின் என்று ஜெபராஜுக்கு ஏறக்குறையத் தெரியும். ஆனாலும் அவர் அதை அழுத்திச் சொல்லவில்லை.

ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் ஒட்டினார்கள். கதவுக்குப் பெரிய வெள்ளிக்குக் கட்டும் கறுப்புத் திரையைப் பங்குக் கோயிலிலிருந்து வாங்கி மாட்டினார்கள். வாசலில் 'இருள் வினை ஆய்வகம்' என்று பலகை ஏறியது. அறையை அர்ச்சிக்க வந்த ஜெரோம் சாமியார் பலகையைப் படித்துவிட்டுத் தீர்த்தச் செம்பை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். இருளை விட்டு விலகுவது பற்றி முந்தின ஞாயிறுதான் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தார். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வேறு விதமான கலக்கம். வினை என்ற சொல்லைப் பார்த்த ஒருவர், பள்ளியில் முன்ஜென்மப் பலன் பார்க்கிறார்களா, ஜாதகம் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டிருந்தார். எல்லோரையும் சமாதானப்படுத்த, பலகையின் அடியில் 'ஒளியை நோக்கி' என்று தாளாளர் இன்னொரு வரி எழுத வைத்தார்.

உள்ளே பன்னிரண்டு சின்னத் தொட்டிகளில் அவரைச் செடி. தண்ணீர் ஊற்றும் வேலை ஞானம்மாளுக்கு. பள்ளியில் எல்லோரும் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து மூன்றுதான். அந்தப் பெயர் வேலையோடு வந்தது. பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடியில் வீடு. அங்கே பெயின்ட் டப்பாவில் ஒரு கற்பூரவள்ளி வைத்திருந்தார். எத்தனை மணிக்கு ஜன்னலின் எந்தக் கம்பியில் வெயில் விழும் என்பது அவருக்கு மனப்பாடம். மகள் ஜெரூஷா இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அம்மா வேலையில் இருக்கும்வரை அவளுக்குக் கட்டணம் கிடையாது.

ஒரு வாரத்தில் செடிகள் வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, தலை சாய்ந்தன. எட்டாம் நாள் ஞானம்மாள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு அது பெரிய காரியமாக அவருக்குத் தோன்றவில்லை. பால் பாக்கெட் வரும் நீல ட்ரே இரண்டை எடுத்து, தொட்டிகளை அடுக்கி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெயிலில் வைத்தார். காலை ஏழு மணிக்கு வந்ததும் வெளியே. எட்டே முக்காலுக்கு ஆசிரியர்கள் வருமுன் உள்ளே. சாப்பாட்டு மணிக்கு ஒருமுறை. பள்ளி விட்டபின் கொஞ்ச நேரம். செடிகள் பச்சையாயின, தண்டு தடித்தது, நாலாவது வாரம் ஒன்று பூவும் விட்டது.

ஜெபராஜ் தினமும் ஸ்கேல் வைத்து அளந்தார். வரைபடத்தில் கோடு ஏறிக்கொண்டே போனது. இருட்டு இவ்வளவு நல்லது என்று அவரே எதிர்பார்க்கவில்லை. கோடு அரைத்தாள் உயரம் வந்ததும், தென்புறநகர்ப் பள்ளிகள் கூட்டமைப்பின் புதுமைப் பள்ளி விருதுக்குத் தாளாளர் விண்ணப்பித்தார். அதற்கான ஒத்திகையில்தான் தேவதர்ஷினி லஞ்ச் பிரேக் பற்றிக் கேட்டாள்.

ஞானம்மாளைக் கூப்பிட்டார்கள். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஆமா சார், நான்தான் வெச்சேன். வெளுத்துகினு, சூம்பிப் போயி நின்னுது. மனசு கேக்கல. கொஞ்சம் வெயில் காட்டுனா இன்னா கொறஞ்சிடப் போவுதுன்னு நெனச்சேன்."

தாளாளர் ஜெபராஜைப் பார்த்தார். "இதனால எக்ஸ்பெரிமென்ட் பாதிக்குமா சார்?"

அந்த நொடியிலேயே ஜெபராஜுக்குப் புரிந்துவிட்டது. கோட்டின் ஏற்றம் முழுவதும் இந்த அம்மாளுடையது. அதைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அவர் வேறொரு வாக்கியத்தைச் சொன்னார்.

"கெட்டுப்போச்சு சார். எல்லா ரீடிங்கும் கெட்டுப்போச்சு."

அது பொய் இல்லை. அதனால்தான் சொல்வதற்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

மறுநாள் ஞானம்மாளுக்கு மெமோ கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மாலையில் வீட்டில் ஜெரூஷாதான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னாள். அறிவியல் நிகழ்வு ஒன்றில் ஊழியர் வேண்டுமென்றே குறுக்கிட்டார் என்று இருந்தது. செடிக்கு வெயில் காட்டிய குற்றத்தை அதைவிடக் கௌரவமாகச் சொல்லியிருக்க முடியாது. வேலை அன்றோடு முடிந்தது. ஜெரூஷா அரையாண்டுத் தேர்வுவரை படிக்கலாம்; அதன்பின் கட்டணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் டிசி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆய்வகத்துக்குப் பூட்டு போட்டார்கள். இனி யாரும் குறுக்கிட முடியாது. செடிகளும் தாமதிக்கவில்லை. பூ முதலில் உதிர்ந்தது, இலைகள் மஞ்சளாயின, ஒன்பதாம் நாள் பன்னிரண்டும் தொட்டி விளிம்பில் சாய்ந்து கிடந்தன. ஜெபராஜ் பள்ளி மொட்டைமாடிக்குப் போய்த் தபீதாளுக்கு ஃபோன் செய்தார்.

தபீதாள் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிறகு வெகுநேரம் சிரித்தார்.

"அந்தப் பேரை வெச்சவரு எங்க இருக்காருன்னு நானும் தேடிக்கிட்டு இருக்கேன் சார். இருள் வினைன்னா இருட்டுல நடக்கிறது இல்ல. வெளிச்சத்தை நேரடியா கேக்காதது. அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதானே சிஸ்டர்?"

"உங்க வீட்ல சோறு வடிக்க வெயில் வேணுமா? வேணாம். ஆனா கேஸ் சிலிண்டர் வந்திருக்கணும்ல? ஒளி வினைதான் சார் சிலிண்டர் கொண்டு வர்றது. வெயில்லேருந்து சக்தியைப் பிடிச்சு, சின்னச் சின்னதா அடைச்சு அனுப்புது. அதை வெச்சுதான் அடுத்த கட்டம், காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துச் சர்க்கரை பண்ணுது. அதுவும் பகல்லதான் சார் நடக்குது. வெளிச்சத்தை நிறுத்தினா கொஞ்ச நேரத்துல சிலிண்டர் காலி. அடுப்பு அணைஞ்சுடும். இதெல்லாம் புத்தகத்துலயே இருக்கே, நீங்க படிக்கலையா?"

ஜெபராஜ் கீழே வந்து புத்தகத்தைத் திறந்தார். இருந்தது. தலைப்புக்கு அடுத்த வரியிலேயே இருந்தது. வெளிச்சத்தில் உண்டான பொருள்களைக் கொண்டுதான் இந்த வினை நடக்கிறது என்று அச்சடித்திருந்தார்கள். அந்தப் பத்தியின் ஓரத்தில், 'தேர்வுக்கு வராது' என்று அவருடைய கையெழுத்தில் பென்சில் குறிப்பும் இருந்தது.

நேராகத் தாளாளரிடம் போய்ச் செடிக்கு வெயில் வேண்டும் என்று சொன்னார். தாளாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"வெயில்ல வெச்சா அது எப்படி சார் இருள் வினை? போர்டு போட்டாச்சு. இன்விடேஷன் அடிச்சாச்சு."

அதன்பின் தாளாளரே மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போய்ப் பன்னிரண்டு பிளாஸ்டிக் செடிகள் வாங்கி வந்தார். அவரைச் செடி கிடைக்கவில்லை. மணி பிளான்ட் கிடைத்தது. தொட்டியில் நட்டு, மேலே ஈர மண் போட்டு மூடினார்கள். ஜெபராஜ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல்முறை வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அதை நினைத்துத்தான் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு வெட்கமாக இருந்தது.

விருதுக் குழுவின் தலைவர் வைத்தீஸ்வரன், ஓய்வுபெற்ற கூட்டுறவு அதிகாரி. செல்ஃபோன் விளக்கை அடித்துக்கொண்டு உள்ளே போனார். முளைத்ததிலிருந்து வெளிச்சமே படாத செடிகளின் பச்சையைக் கண்டு அசந்துபோனார். ஓர் இலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இலை நல்லா கெட்டியா இருக்கே."

"இருட்டுல வளர்ந்தா அப்படித்தான் சார்," என்றார் தாளாளர்.

"வாசனையே இல்ல பாருங்க. பூச்சியும் அண்டாது." இப்படிச் சொல்லிவிட்டு அவர் மதிப்பெண் தாளில் எதையோ எழுதினார். எழுதியது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று பிறகு தெரிந்தது. குடிநீர் வசதி போதாததற்காக இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்.

விருது வந்தது. கேடயம் தாளாளர் அறைக்குப் போயிற்று. ஏப்ரல் முதல் ஜெபராஜ் அறிவியல் துறைத் தலைவர் என்று அறிவிப்பும் வந்தது. ஆனால் நல்ல பெயரோடு ஒரு தொந்தரவும் சேர்ந்து வந்தது. சுற்றுவட்டாரப் பன்னிரண்டு பள்ளிகளின் மாணவர்கள் அந்த ஆய்வகத்தைப் பார்வையிட வருவார்கள் என்றும், ஆளுக்கோர் இலை கிள்ளிப் பரிசோதிப்பார்கள் என்றும் கூட்டமைப்பு கடிதம் அனுப்பியது. பிள்ளைகள் கிள்ளினால் பிளாஸ்டிக் கையோடு வந்துவிடும். தாளாளர் ஜெபராஜைக் கூப்பிட்டார். அந்த ஆயாவின் கை ராசியான கை என்றும், அவரைத் திரும்ப வரச் சொல்லலாம் என்றும், செடியை அவர் எங்கே வைத்தாலும் தாம் பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னார். மன்னிப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனிதன் எவ்வளவு தாராளமாக மன்னிக்கிறான்!

திங்கட்கிழமை ஞானம்மாள் வந்துவிட்டார். புதிதாக ஊன்றிய அவரை விதைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஜெபராஜைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"சார், நீங்க என் மேல கோவமா இருப்பீங்க. ஒங்க சோதனைய நான் கெடுத்துட்டேன். தெரியாம செஞ்சது. இனிமே ஒங்களக் கேக்காம வெளிய வெக்க மாட்டேன்."

கேட்க வேண்டாம், வெயில் வந்ததும் வையுங்கள் என்று மட்டும்தான் ஜெபராஜால் சொல்ல முடிந்தது. பிறகு, ஜெரூஷா எப்படிப் படிக்கிறாள் என்று விசாரித்தார்.

"அத்தாங் சார் ஒரு ஒத்தாச கேக்கணும். தாளாளர் ஐயா தங்கமானவரு, வேலைய திருப்பிக் குடுத்துட்டாரு. ஆனா மெமோ ஃபைல்ல அப்டியே கீதாம். மெமோ கீறவங்க புள்ளைக்கு ஃபீஸ் சலுகை கெடையாதாம். வர்ற சனிக்கிழமைக்கு மேல ஆபீஸ்ல கணக்கு மூடிடுவாங்களாம். அவ டிசிய சீக்கிரம் வாங்கிக் குடுத்தீங்கன்னா பெரும்பாக்கத்துலயே ஒரு ஸ்கூல்ல சேத்துடுவேன். அழுதுகினு கீறா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

இவ்வளவையும் குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது, துணியை எடுத்து வைத்துவிடலாம் என்பதுபோலச் சொன்னார்.

ஜெபராஜ் அன்றைக்கே தாளாளரிடம் பேசினார். மெமோ தவறானது, அதைக் கிழித்துவிடலாம் என்றார். தாளாளர் பதறிவிட்டார். அந்த மெமோவுக்கு எண் ஏழு. அதன்பின் எட்டும் ஒன்பதும் வந்தாயிற்று. ஏழாம் எண்ணை எடுத்துவிட்டால் ஆய்வுக்கு வருகிறவர்கள் ஏழு எங்கே என்று கேட்பார்கள். தப்பு நடந்திருக்கிறது, எண் போட்டாயிற்று, இனி நடக்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

"வேற யாராவது அந்தத் தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்தா பேரை மாத்தலாம் சார். ஆனா யார் எழுதுவா? மெமோ வாங்கினவரு துறைத் தலைவரா இருக்க முடியாது, தெரியும்ல?" தாளாளர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். அவர் மிரட்டவில்லை. அப்படி ஒருவர் எழுதக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் முழுவதும் ஜெபராஜ் நல்ல காரணங்களைத் தேடினார். நிறையவே கிடைத்தன. துறைத் தலைவர் ஆனால் இப்படிப்பட்ட தவறுகள் நடக்காமல் தடுக்கலாம். ஜெரூஷாவுக்குத் தனியாக டியூஷன் எடுக்கலாம். ஏழைப் பிள்ளைகளுக்காகத் தினமும் ஜெபிக்கலாம். வியாழக்கிழமை மாலை பாடகர் குழுப் பயிற்சியில் அவர் வாய் பாடியது. மனம் எந்த வரியிலும் நிற்கவில்லை. நடத்துகிறவர் இரண்டு முறை அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை அரைநாள். ஒரு மணிக்கெல்லாம் பள்ளி காலி. அலுவலக எழுத்தர் ஷ்யாம்சுந்தர் ஃபைல்களை மேசையில் அடுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அவர் எந்தக் காகிதத்தையும் சந்தேகப்படாதவர். ஃபைலில் எது இருக்கிறதோ அதுதான் நடந்தது என்பது அவருடைய விசுவாசம். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, ஃபைலில் உள்ளதை அப்படியே பதிவேட்டில் ஏற்றிவிடுவார்.

ஜெபராஜ் அவருடைய நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, அடித்துவிட்டு, தமிழில் எழுதினார்.

'மெமோ எண் ஏழில் சொல்லப்பட்ட தவறு என்னுடையது. பாடத்தை முழுதும் படிக்காமல், வெளிச்சம் தேவைப்படும் செடிகளை இருட்டில் வைத்தேன். ஆயா திருமதி ஞானம்மாள் அவற்றைக் காப்பாற்றினார். உண்மை தெரிந்த பிறகும் நான் பேசாமல் இருந்தேன். மெமோவை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.'

கையெழுத்துப் போட்டார். ஒருமுறை படித்துப் பார்த்தார். 'காப்பாற்றினார்' என்ற சொல்லுக்கு முன்னால் குறி போட்டு, மேலே 'நாற்பது நாள்' என்று சேர்த்தார். தாளை மெமோவுக்கு மேலே வைத்துக் கோர்த்து, ஃபைலை மூடி, அடுக்கில் இருந்த இடத்திலேயே வைத்தார். விசிறியை நிறுத்தினார். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பஸ் பிடிக்க நடந்தார்.